உரலடியில் கேட்ட கேள்வி

ஜூன் 2, 2025

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான எங்கள் படுவான்கரையில் கோயில் சடங்கு தொடங்கிவிட்டது. கண்ணகை அம்மன் கோயிலில் கதவு திறந்து சடங்கு தொடங்கினால், அம்மனைக் குளிர்விக்கும் நிறைவுச் சடங்கான குளிர்த்தி முடியும்வரை எங்கள் வீட்டில் மீன், இறைச்சி இல்லை. நோர்வேயில் இருந்து வந்திருக்கும் தங்கச்சியின் மகள் கோயில் வளவில் பெரியம்மாவிடம் கேட்டாள்: "இது உங்களுக்குச் சந்தோசமா, கடமையா அம்மம்மா?"

மூன்று பேர் ஒரே உரலில் நெல் குற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு உலக்கை எழும்பும்போது மற்றது இறங்கவேண்டும், தாளம் தப்பினால் உலக்கையோடு உலக்கை முட்டும். உள்ளங்கையெல்லாம் கொப்புளம். ஊர்க்கதைக்கும் சிரிப்புக்கும் மட்டும் குறைவில்லை. பெரியம்மா கை நிறுத்தாமலே சொன்னார்: "போன வருசம் காய்ச்சலோட கிடந்திட்டன் மனே. வர ஏலாமப் போச்சு. அந்தக் கவலை இன்னும் கிடக்கு."

ஜூன் 5

பிள்ளை உளவியல் படிக்கிறாள். இரவு முழுக்க அதே பேச்சுத்தான். உளவியலாளர் லோரா கிங் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைச் சொன்னாள்: மனம் மகிழ்ந்திருக்கும் நேரத்தில் வாழ்க்கைக்கு அர்த்தம் இருப்பதாகவும் மனிதர் கூடுதலாக உணர்கிறார்களாம். அது அமெரிக்க மாணவர்களிடம் செய்தது. ஒய்ஷி, டீனர் என்ற வேறு இரண்டு உளவியலாளர்கள் 2014இல் 132 நாடுகளை ஒப்பிட்டபோது வேறொரு பக்கம் தெரிந்தது. வாழ்க்கைத் திருப்தியில் பணக்கார நாடுகள் முன்னே, அர்த்தம் இருக்கிறது என்று சொல்வதில் ஏழை நாடுகள் முன்னே. மத நம்பிக்கை அங்கே கூடுதலாக இருப்பது முக்கிய காரணம் என்கிறார்கள்.

நம்பக்கூடியதுதான். ஆனால் இதைக் காட்டி வறுமைக்குப் பெருமை பேச நான் விடமாட்டேன். கடன் அடைக்கக் கட்டாருக்குப் போகும் பிள்ளைகள் இந்தக் கரையில் எத்தனை பேர்! அர்த்தம் இருக்கிறது, இங்கேயே இரு என்று அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

பெரியம்மாவின் பதிலைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். கூட்டத்தில் தன் கை இல்லாமற் போனதே அவருக்குத் துக்கம். 'நான் எவ்வளவு மகிழ்ந்தேன்' என்று தனியாக அளக்கும் வினாத்தாளில் அவர் எந்தப் பெட்டிக்குள் புள்ளடி போடுவார்?

ஜூன் 9

இன்று குளிர்த்தி. காலையில் தங்கச்சியின் மகள் அதே கேள்வியை மச்சாளிடமும் கேட்டாள். ஒரு கிழமையாக வந்தவர் போனவர் எல்லாருக்கும் சமைப்பவர் அவர். "எனக்குக் கடமைதான். ஒரு பாட்டுக் கேக்கக்கூட நேரமில்ல" என்றார், வெங்காயம் உரித்தபடி.

அந்தப் பதிலும் எங்கள் பண்பாடுதான், அதை மறைக்கக் கூடாது. கூடி மகிழ்கிறோம் என்கிறோம், அடுப்படியில் நிற்பவரை அந்தக் கூட்டத்தில் சேர்க்காமல்.

மத்தியானத்தில் இருந்து நானும் தம்பியும் சமையலை எடுத்துக்கொண்டோம். குளிர்த்திப் பாட்டுத் தொடங்கமுன்னமே மச்சாள் பெரியம்மாவோடு பந்தலில் போய் உட்கார்ந்துவிட்டார். வாற வருசமும் இப்படித்தான் என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். சரி என்றான்.