இருபத்தாறு அட்டைத் துண்டுகள்

கார்டுகளை மொத்தமாக வாங்குபவர் என் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார், மூடியைத் திறந்தார், நடுவில் விரலை விட்டு இரண்டு இடத்தில் எடுத்துப் பார்த்தார். "எல்லாம் காமன், அன்காமன்தானே?" என்றார். ஆமாம், எளிதில் கிடைக்கும் சாதாரண கார்டுகள்தான் என்றேன். அடுத்த கணம் பெட்டியைக் கவிழ்த்து, பக்கத்தில் இருந்த பெரிய பிளாஸ்டிக் தொட்டிக்குள் கொட்டிவிட்டார். செட் வாரியாக, அதாவது எந்த வெளியீட்டில் வந்தது என்று பார்த்துப் பிரித்து, அதற்குள் நிறம் வாரியாகப் பிரித்து, அப்புறம் ஏ முதல் இசட் வரை பெயர் வரிசையில் நான் அடுக்கியிருந்த மூவாயிரம் மேஜிக் கார்டுகள் (சேகரித்து ஆடும் ஒரு சீட்டு விளையாட்டு) சரசரவென்று விழுந்தன. இடையிடையே எழுத்து எழுதிச் சொருகியிருந்த அட்டைத் துண்டுகளை மட்டும் மேலாகப் பொறுக்கி, "இது வேணுமா சார் உங்களுக்கு?" என்று நீட்டினார். வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்ய?

அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று பேசித்தான் கொடுத்தேன். அந்த விலை அடுக்கிய கார்டுக்கும் ஒன்றுதான், அள்ளிப் போட்ட கார்டுக்கும் ஒன்றுதான். அவருக்கு வேண்டியது அளவு மட்டும்.

இந்தக் கதையைத் தங்கையிடம் சொன்னேன். அவளுக்குக் கணக்கு வழக்கு பார்ப்பதுதான் வேலை. சிரித்து முடித்துவிட்டுக் கேட்டாள்: "சரி அண்ணா, அந்தப் பெட்டிக்கு மொத்தம் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தே? அதை மட்டும் சொல்லு, மிச்சத்தை நான் சொல்றேன்."

நல்ல வேளை, எழுதி வைத்திருந்தேன். நான்கு வரிசைப் பெட்டி அது. வரிசைக்கு 800 வீதம் 3,200 கார்டு. பெட்டியோடு சேர்த்துத் தூக்கினால் ஆறு கிலோ இருக்கும்.

முதல் சுற்றில் தலைகீழாக இருந்ததையெல்லாம் திருப்பி, ஒரே பக்கம் முகம் பார்க்க வைத்துக்கொண்டே, விலை போகும் என்று தோன்றியதை வெளியே எடுத்தேன். 70 நிமிடம். 190 கார்டு வெளியே வந்தது. அடுத்து, மீதி மூவாயிரத்தை செட், நிறம், பெயர் என்று அடுக்கினேன். இரண்டு விடுமுறை நாளில் எட்டு மணி நேரம். அதன் பிறகு ஒவ்வொன்றாக விற்பனைக்கான லிஸ்டிங்கில் ஏற்றினேன். ஏறத்தாழ 1,400 வெவ்வேறு பெயர்கள். பெயரைத் தேடி, சரியான செட்டைத் தேர்ந்தெடுத்து, கார்டின் நிலையைக் குறித்து, எண்ணிக்கை போட ஒன்றுக்கு 20 விநாடி ஆனது. அது ஏழே முக்கால் மணி நேரம்.

ஆறு மாதத்தில் விற்றது 61 கார்டு. அதில் 48, முதல் 70 நிமிடத்தில் எடுத்த அந்த 190-இலிருந்து போனவை. அடுக்கி வைத்த மூவாயிரத்திலிருந்து போனது பதின்மூன்று.

தங்கை கால்குலேட்டரைக்கூட எடுக்கவில்லை. "ஒரு கார்டு விக்க ஒண்ணேகால் மணி நேரம். அதுவும் கவரும் ஸ்டாம்பும் கார்டை விட விலை ஜாஸ்தி." அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை, அதுவே அதிகம்.

எனக்கு உறைத்தது இது. சார்ட்டிங், சார்ட்டிங் என்று ஒரே சொல்லைப் போட்டு இரண்டு வேலையைக் குழப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். பொறுக்குவது வேறு, அடுக்குவது வேறு. பொறுக்குவது கல்லுக்குள் இருந்து அரிசியை எடுப்பது. அடுக்குவது கல்லையெல்லாம் அளவு வாரியாக வரிசையில் வைப்பது. இரண்டாவதைச் செய்யும்போதும் கை ஓய்வதில்லை, மேசை சுத்தமாகிறது, வியாபாரம் நடப்பது போலவே ஒரு திருப்தி வருகிறது. அங்கேதான் ஏமாறுகிறோம்.

பல்க், அதாவது ஆயிரக்கணக்கில் அள்ளி விற்கும் மலிவான கார்டு, ஏன் இவ்வளவு குவிகிறது என்று யோசித்தாலே போதும். மேஜிக்கில் பல வருடங்கள் வழக்கத்தில் இருந்த 15 கார்டு பாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து காமன், மூன்று அன்காமன், அரிதான ஒரு ரேர் அல்லது அதைவிட அரிய மிதிக், மந்திரச் செலவுக்கு மானா தரும் ஒரு லேண்ட். எல்லோரும் பிரிப்பது அந்த ஒன்றுக்காக. மீதி பதினான்கும் எல்லோர் வீட்டிலும் சேர்கிறது. ஆடுவதற்குக் கட்டும் ஒரு டெக்கில் ஒரே கார்டை பொதுவாக நான்குக்கு மேல் வைக்க முடியாது. அந்த நான்கையும் வாங்க வேண்டியவனிடமே ஏற்கனவே நாற்பது இருக்கும். பிறகு என்னிடம் வந்து எதற்கு வாங்குகிறான்?

ஆகவே இப்போது பெட்டி வந்தால் பொறுக்குவதோடு சரி. அதற்கும் முன்னால் ஒரு சோதனை உண்டு. யாராவது ஏற்கனவே பொறுக்கிய பெட்டியா இது? விற்பவர் "நான் பார்க்கவே இல்லை, அப்படியே இருக்கு" என்றுதான் எப்போதும் சொல்வார். பெட்டியைக் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடும். பாக்கெட்டோடு வரும் டோக்கனும் விளம்பர அட்டையும் நடுநடுவே கிடந்தால் நல்ல அறிகுறி, பாக்கெட்டைப் பிரித்தவர் அப்படியே போட்டிருக்கிறார். எல்லாக் கார்டும் ஒரே பக்கம் பார்த்து ஒழுங்காக நின்று, ரேரைக் காட்டும் தங்க நிறச் சின்னம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லையா? ஒரு கை ஏற்கனவே புகுந்து வந்துவிட்டது. அந்தப் பெட்டிக்கு பல்க் விலைக்கு மேல் ஒரு காசு தரமாட்டேன், 70 நிமிடமும் தரமாட்டேன்.

பொறுக்கும்போது படத்தைப் பார்ப்பதில்லை. இடது கையில் ஐம்பது கார்டு, கட்டைவிரல் ஒவ்வொன்றாகத் தள்ளும், கண் கார்டின் வலது பக்க நடுவில் இருக்கும் செட் சின்னத்தின் மேல் மட்டும். கறுப்பு, கறுப்பு, வெள்ளி, கறுப்பு, வெள்ளி, தங்கம். கறுப்பு காமன், வெள்ளி அன்காமன். தங்கம் என்றால் ரேர், நிறுத்து. ஆரஞ்சு என்றால் மிதிக், அது 2008-இல்தான் வந்தது. படத்தைப் பார்க்க ஆரம்பித்தால் தொலைந்தோம். "அட, இதை வைத்து ஒரு டெக் கட்டியிருந்தேனே" என்று நினைப்பு ஓடும், நிமிடமும் ஓடும். ஃபாயில் என்னும் மினுமினுக்கும் கார்டுக்குச் சின்னத்தைக்கூடப் பார்க்க வேண்டாம். காற்றின் ஈரத்துக்கு அது வளைந்துவிடும். வரிசையை மேலிருந்து பார்த்தால் கார்டுகளுக்கு நடுவே ஒரு சின்ன வில் மாதிரி இடைவெளி தெரியும், அங்கே கையை விட்டால் பெரும்பாலும் ஃபாயில்தான்.

பல விளையாட்டும் கலந்த பெட்டியில் இன்னொரு விஷயம். மேஜிக்கும் போக்கிமானும் 63-க்கு 88 மில்லிமீட்டர். யூகியோ 59-க்கு 86. அந்தச் சின்ன வித்தியாசத்துக்கே யூகியோ கார்டுகள் கீழே இறங்கி மற்றவற்றுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும். வேகமாகத் தள்ளும்போது அவை ஒட்டிக்கொண்டு கூடவே போய்விடும்.

சின்னத்தின் நிறத்தை மட்டும் நம்பினாலும் அடி விழும். 2000-இல் வந்த ப்ராஃபெசி செட்டில் ரிஸ்டிக் ஸ்டடி என்று ஒரு நீல கார்டு. சின்னம் கறுப்பு, காமன். எதிராளி ஒரு மந்திரம் போட்டால், அவர் கூடுதலாக ஒரு மானா கட்டாதவரை, நீங்கள் ஒரு கார்டு எடுத்துக்கொள்ளலாம். இரண்டு பேர் ஆடும் ஆட்டத்தில் அது பெரிதில்லை. பின்னால் நான்கு பேர் சேர்ந்து ஆடும் கமாண்டர் பரவியது. எதிராளி மூன்று பேர் ஆனதும் அதே கார்டு தலைகீழாக மாறிவிட்டது. இன்று பெரும்பாலான ரேர்களைவிட அதற்கு மதிப்பு அதிகம். இப்படிப்பட்ட காமன்களின் பெயரை ஒரு நாற்பது, ஐம்பது தெரிந்து வைத்துக்கொள்வது இரண்டு நாள் அடுக்குவதைவிட எனக்கு அதிகம் சம்பாதித்துக் கொடுத்திருக்கிறது. பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். காமன்களை மட்டும் வைத்து ஆடும் பாப்பர் ஆட்டக்காரர்கள் எதைத் தேடுகிறார்கள் என்று மாதம் ஒருமுறை பார்ப்பேன்.

சரி, அடுக்கவே கூடாதா என்றால், அப்படியும் இல்லை. போக்கிமானில் செட் முழுவதையும் ஆல்பத்தில் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது தங்களிடம் இல்லாத கார்டு எண்கள். "இந்த செட்டில் 12, 47, 103 இருக்கா?" என்று கேட்டு ஒரே முறையில் முப்பது கார்டு வாங்குவார்கள். ஒரு கவர், ஒரு ஸ்டாம்பு, முப்பது கார்டு. அப்போது கணக்கு மாறிவிடுகிறது. ஆனால் எண் வரிசை இல்லாமல் அந்த முப்பதைத் தேடி எடுப்பது நரகம்.

எண் வரிசைக்கு ஒரு பழைய வழி இருக்கிறது. முதலில் கடைசி இலக்கத்தைப் பார்த்து பத்துக் குவியல். 0 முதல் 9 வரை வரிசை மாறாமல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து, மறுபடி பத்தாம் இலக்கத்துக்குப் பத்துக் குவியல். மறுபடி நூறாம் இலக்கம். மூன்று சுற்றில் மொத்தமும் வரிசையில் வந்து நிற்கும். குவியலைச் சேர்க்கும்போது உள்வரிசை கலையாமல் பார்த்துக்கொண்டால் போதும். துளையிட்ட அட்டைகளைக் கணக்குக்குப் பயன்படுத்திய காலத்தில் இயந்திரங்கள் இப்படித்தான் பிரித்தன. ஐபிஎம் 083 நிமிடத்துக்கு ஆயிரம் அட்டை தள்ளும். எனக்கு ஆயிரத்துக்கு ஒரு சுற்றுக்கு இருபது நிமிடம். முதல் தடவை இந்த வித்தை வேலை செய்தபோது தங்கையைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதைத்தானே நாங்க காலேஜ்ல படிச்சோம்" என்று போய்விட்டாள்.

அடுக்கியே ஆக வேண்டிய இன்னொன்று பழைய மேஜிக். 1998-இல் எக்ஸோடஸ் செட் வரும்வரை செட் சின்னத்துக்கு நிறம் கிடையாது, எல்லாம் கறுப்பு, கார்டு எண்ணும் கிடையாது. ரேரும் காமனும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். கட்டைவிரல் வேகம் அங்கே செல்லாது. செட் செட்டாகப் பிரித்து, பெயர் வரிசையில் வைத்து, பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டால்தான் உண்டு. பின்பக்க மூலைகளில் வெள்ளை தெரிகிறதா என்றும் விளக்கில் சாய்த்துப் பார்க்க வேண்டும், பழைய கார்டில் விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த மூலைதான்.

போன வாரம் அப்படி ஒரு பெட்டி வந்திருக்கிறது. சிறியது, எண்ணூறு இருக்கும். மேலாக அள்ளிய ஒரு பிடியில் ஐஸ் ஏஜ் செட், அதற்கடியில் நான்காம் பதிப்பின் வெள்ளை ஓரம், ஒரு கார்டின் நெற்றியில் யாரோ பென்சிலால் போட்ட நட்சத்திரம். ஸ்டாப்வாட்சை அழுத்திவிட்டு, மேசை டிராயரைத் திறந்து, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்த அந்த இருபத்தாறு அட்டைத் துண்டுகளையும் எடுத்தேன். க்யூ எழுதியது மட்டும் கொஞ்சம் மடங்கியிருந்தது.