126

"பழகிட்டானா சார், இல்ல விட்டுட்டானா?"

அந்த அம்மா கேட்டு ஏழெட்டு மாதம் இருக்கும். நான் உடனே "பழகிட்டான்மா" என்றேன். அவ்வளவு வேகமாகச் சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது.

பையனுக்கு 6 வயது. மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி). உடல் இயக்கத்தை வகைப்படுத்தும் ஜிஎம்எஃப்சிஎஸ் அளவுகோலில் 5-ஆம் நிலை, அதாவது மிகக் கடுமையானது. தலை நிற்காது, பேச்சு இல்லை. டில்ட் டேபிளில், அதாவது படுக்க வைத்துக் கட்டி மெல்ல நிமிர்த்தும் மேசையில், முதல்முறை 60 டிகிரிக்கு ஏற்றியபோது விரலில் மாட்டிய ஆக்ஸிமீட்டர் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 152 என்று காட்டியது. படுத்திருந்தபோது 104. வீறிட்டு அழுதான். எட்டாவது வாரம் அதே 60 டிகிரியில் 126, அழுகையே இல்லை. மெஷினை அந்த அம்மா பக்கம் திருப்பிக் காட்டினேன், பெருமையாகத்தான். அப்போதுதான் கேட்டார்.

நான் ஒன்றும் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. எழுந்தால் ரத்தம் காலுக்கு இறங்கும். நமக்கு, இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பு கொஞ்சம் பிடி தளர்த்தும், பரிவு நரம்புகள் இதயத்தை முடுக்கும், கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளும். நமக்குத் தெரியாமலே நடந்து முடிந்துவிடும். மூளை முடக்குவாதத்தில் பாதிப்பு கை காலோடு நிற்பதில்லை. இந்தக் குழந்தைகளில் பலருக்கு ஓய்விலேயே துடிப்பு சற்று அதிகம். துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே இருக்க வேண்டிய ஏற்ற இறக்கமும் குறைவு. ஆனாலும் படுத்தே வளர்ந்த உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினால் அது கற்றுக்கொள்ளும். அந்த நம்பிக்கையில்தான் இந்த வேலையே ஓடுகிறது.

சரி, ஆனால் அழுதாலே துடிப்பு ஏறுமே. அந்த 152-இல் நின்றதற்கு எவ்வளவு, அழுததற்கு எவ்வளவு? நான் பிரித்துப் பார்க்கவில்லை. அழுகை நின்றதால் மட்டுமே 126-க்கு வந்திருக்கலாம். அழுகை ஏன் நின்றது என்பது விரல் நுனியில் எரியும் அந்தச் சிவப்பு விளக்குக்குத் தெரியாது. மூன்றாவது வாரம் ஒருநாள், காலைத் தாங்கும் ஸ்பிளின்ட்டைக் கழற்றியபோது குதிகால் கன்றிச் சிவந்திருந்தது. அன்றைய அழுகைக்கு நோட்டில் நான் எழுதியிருந்த காரணம், 'நின்று பழக்கமில்லை'.

அதற்காக நிறுத்தியிருக்க வேண்டுமா என்றால், அப்படியும் சொல்ல மாட்டேன். எலும்புக்கு, இடுப்பு மூட்டுக்கு, மலச்சிக்கலுக்கு என்று நிற்க வைக்கக் காரணங்கள் உண்டு. அழுகிறான் என்று விட்டுவிடுவதும் ஒருவகையில் கைகழுவுவதுதான். இதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். பலமுறை சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்போதெல்லாம் ஏற்றுவதற்கு முன் 5 நிமிடம் சும்மா படுக்க வைத்துத் துடிப்பைக் குறித்துக்கொள்கிறேன். இறக்கிய பிறகு எவ்வளவு நேரத்தில் பழைய எண்ணுக்குத் திரும்புகிறது என்றும் பார்க்கிறேன். கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கியிருக்கிறதா, முகம் எப்படி இருக்கிறது, அதையும் எழுதுகிறேன். போன வாரம் 4 நிமிடத்தில் திரும்பிவிட்டது. நல்ல அறிகுறிதான். அந்த அம்மா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். கூப்பிட்டுச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. திரும்பவும் அதே கேள்வியைக் கேட்டால்?