ஒரே சிடிக்கு மூன்று அளவு: லினக்ஸ் கட்டளைகளில் வட்டு விவரம் பார்த்த அனுபவம்

பழைய சிடி, டிவிடிகளை இமேஜ் (வட்டின் முழு நகலான ஒற்றை ஃபைல்) எடுத்து ஹார்டு டிஸ்கில் சேர்க்க உட்கார்ந்தால் முதலில் குழப்புவது அளவுதான். ஒரே வட்டுக்கு ஒவ்வொரு கட்டளையும் ஒவ்வோர் எண்ணைக் காட்டும். எதுவும் தப்பு இல்லை. ஒன்று வட்டில் மொத்தம் எவ்வளவு எழுதலாம் என்று சொல்கிறது. இன்னொன்று எழுதப்பட்ட டிராக்கின் (வட்டில் தொடர்ச்சியாக எழுதிய பகுதியின்) நீளத்தைச் சொல்கிறது. மூன்றாவது, டிராக்குக்குள் இருக்கும் ஃபைல் சிஸ்டம் தன் அளவாகப் பதிந்து வைத்திருக்கும் எண். எந்தக் கட்டளை இதில் எதைப் படிக்கிறது என்று தெரிந்துவிட்டால், இமேஜின் ஹாஷ் (இரண்டு நகல்கள் ஒன்றா என்று ஒப்பிட உதவும் கைரேகை எண்) ஏன் பொருந்தவில்லை, கடைசியில் ஏன் எர்ரர் வருகிறது என்ற கேள்விகளில் பாதிக்கு மேல் அங்கேயே தீர்ந்துவிடும்.

செய்து பார்த்தது டெபியன், உபுண்டு வகை லினக்ஸில், யூஎஸ்பி டிவிடி ரைட்டர் ஒன்றோடு. கட்டளைகளை உச்சரிப்புப்படியே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து. பெரிய எழுத்து வேண்டிய இடத்தைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன். நிறுவ வேண்டிய பேக்கேஜ்கள்: ஜென்ஐஎஸ்ஓஇமேஜ் (ஐஎஸ்ஓஇன்ஃபோ இதில்தான் வருகிறது), வோடிம், டிவிடி+ஆர்டபிள்யூ-டூல்ஸ், லிப்சிடிஐஓ-யூடில்ஸ், யூடிஎஃப்டூல்ஸ், ஜிடிடிரெஸ்க்யூ. பயனர் சிடிராம் குரூப்பில் இருந்தால் பெரும்பாலான வேலைக்கு சூடோ தேவைப்படாது. டெஸ்க்டாப் தானாக மவுண்ட் செய்திருந்தால் முதலில் அன்மவுண்ட் செய்துவிடுங்கள்.

எதையும் நிறுவாமல் முதல் பார்வை

எல்எஸ்பிஎல்கே -எஃப் /டெவ்/எஸ்ஆர்0

ஃபைல் சிஸ்டம் வகை, லேபிள், யூயூஐடி மூன்றும் வந்துவிடும். ஐஎஸ்ஓ9660 (டேட்டா சிடிக்களின் வழக்கமான ஃபைல் சிஸ்டம்) வட்டுக்கு யூயூஐடி என்று காட்டுவது உண்மையில் வால்யூமில் பதிந்த தேதியும் நேரமும்: 2004-11-07-18-22-05-00 என்ற வடிவில் இருக்கும். வட்டின் மேல் எதுவும் எழுதாமல் விட்ட சிடிக்களின் காலத்தைக் கண்டுபிடிக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. எழுதிய கணினியின் கடிகாரம் சரியாக ஓடியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

-எஃப் இல்லாமல் எல்எஸ்பிஎல்கே போட்டு 1024எம் என்று வந்தால் அதை அளவு என்று நம்பாதீர்கள். டிரைவில் வட்டு இல்லாதபோதும், டிரைவ் அளவைச் சொல்லத் தவறும்போதும் கெர்னல் தானாகப் போட்டுக்கொள்ளும் எண் அது. சரியாகச் சொன்னால் 1,073,741,312 பைட். அந்த எண்ணை எங்கே பார்த்தாலும் வட்டை வெளியே எடுத்து, துடைத்து, மறுபடி செருக வேண்டும்.

யுடெவ்ஏடிஎம் இன்ஃபோ /டெவ்/எஸ்ஆர்0

இதைப் பலர் கவனிப்பதே இல்லை. வட்டின் வகை, எத்தனை செஷன் (ஒரு தடவையில் எழுதி மூடிய பகுதி), எத்தனை டேட்டா டிராக், எத்தனை ஆடியோ டிராக் என்று ஐடி_சிடிராம்_மீடியா என்று தொடங்கும் வரிகளில் எல்லாம் இருக்கும். ஸ்டேட் என்ற வரியில் பிளாங்க், அப்பெண்டபிள், கம்ப்ளீட் என்ற மூன்றில் ஒன்று வரும். செஷன் எண்ணிக்கை ஒன்றுக்கு மேல் என்றால் கீழே மல்டிசெஷன் பகுதியைப் படித்துவிட்டு இமேஜ் எடுங்கள்.

பிளாக்டெவ் --கெட்எஸ்இசட் தரும் எண் 512 பைட் கணக்கு. சிடியில் ஒரு செக்டார், அதாவது டேட்டாவைப் படிக்கும் ஒரு துண்டு, 2048 பைட். ஆகவே அதை நான்கால் வகுக்க வேண்டும். --கெட்சைஸ்64 நேராக பைட்டில் தருவதால் இந்தக் குழப்பமே வராது.

பதினாறாவது செக்டார்

ஐஎஸ்ஓ 9660 வால்யூமில் முதல் 16 செக்டார்கள், அதாவது 0 முதல் 15 வரை, சிஸ்டம் பயன்பாட்டுக்கென விடப்பட்டவை. 16-வது செக்டாரில் தொடங்குகிறது வால்யூம் விவரம். அதைப் படித்துச் சொல்வதுதான் இது (-டி, டேட்டா என்பதன் முதல் எழுத்து):

ஐஎஸ்ஓஇன்ஃபோ -டி -ஐ /டெவ்/எஸ்ஆர்0

வால்யூம் ஐடி, பப்ளிஷர், எந்த மென்பொருளில் தயாரானது என்ற அப்ளிகேஷன் ஐடி, பிளாக் அளவு, வால்யூம் அளவு, ஜோலியட் உண்டா, ராக் ரிட்ஜ் உண்டா (நீண்ட ஃபைல் பெயர்களுக்கான கூடுதல் முறைகள், முதலாவது விண்டோஸுக்கு, இரண்டாவது யூனிக்ஸ் வகைக்கு) என்று வரிசையாக வரும். நமக்கு முக்கியமானது வால்யூம் அளவு. அது பைட் அல்ல, செக்டார் எண்ணிக்கை. உதாரணத்துக்கு 204850 என்று வந்தால் 2048-ஆல் பெருக்க, 419,532,800 பைட்.

கட்டளை சொல்வதை நம்புவதோடு நிற்காமல் அந்த செக்டாரையே ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுவது நல்லது:

டிடி ஐஎஃப்=/டெவ்/எஸ்ஆர்0 பிஎஸ்=2048 ஸ்கிப்=16 கவுன்ட்=1 | ஹெக்ஸ்டம்ப் -சி

இங்கே சி பெரிய எழுத்து. முதல் ஆறு பைட்டுகள் 01 43 44 30 30 31 என்று இருக்க வேண்டும். 01 என்பது இது முதன்மை விவரம் என்பதற்கான குறி. அடுத்த ஐந்தும் சிடி001 என்ற அடையாளம். 40-வது பைட்டிலிருந்து 32 பைட்டுக்கு லேபிள். 80-வது பைட்டில், அதாவது இடப்பக்கம் 00000050 என்று தொடங்கும் வரியின் தொடக்கத்தில், வால்யூம் அளவு. அதே உதாரணத்துக்கு அங்கே 32 20 03 00 00 03 20 32 என்று இருக்கும். ஒரே எண் இரண்டு முறை: முதலில் சிறிய பைட் முன்னால், பிறகு பெரிய பைட் முன்னால். இரண்டு பாதியும் கண்ணாடி போல ஒன்றுக்கொன்று திரும்பி நிற்காவிட்டால் அந்த எண்ணை வைத்து எதையும் கணக்குப் போடாதீர்கள். 813-வது பைட்டில் உருவாக்கிய தேதி, எழுத்தாகவே படிக்கும்படி இருக்கும்.

கடைசி இரண்டு செக்டார்

ஹாஷ் பொருந்தாத பிரச்சினை பெரும்பாலும் இங்கேதான். மேலே வால்யூம் 204850 செக்டார். அதே வட்டுக்கு பிளாக்டெவ் 419,536,896 பைட் என்று, அதாவது 204852 செக்டார் என்று காட்டும். இந்த இரண்டு செக்டார் வித்தியாசம் வந்தால் வட்டு டிராக்-அட்-ஒன்ஸ் முறையில் எழுதப்பட்டது என்று அர்த்தம். லேசரை நிறுத்தும்போது டிராக்கின் வாலில் இரண்டு ரன்-அவுட் செக்டார் விழுகிறது. அவற்றில் டேட்டா இல்லை, ஆனால் டிராக் நீளத்தில் சேர்ந்துவிடுகின்றன. டிஸ்க்-அட்-ஒன்ஸ் முறையில் எழுதிய சிடியில் இவை இருக்காது.

வெறும் டிடி போட்டால் அது இந்த இரண்டையும் படிக்கப் போய் இன்புட்/அவுட்புட் எர்ரர் என்று நிற்கும். இன்னும் மோசம், கெர்னல் முன்கூட்டியே படித்து வைக்கப் பார்ப்பதால் சில சமயம் அதற்கு முந்தைய நல்ல செக்டார்களும் சேர்ந்து எர்ரரில் போகும். எம்கேஐஎஸ்ஓஎஃப்எஸ் இமேஜ் செய்யும்போது முன்னிருப்பாகவே கடைசியில் 150 வெற்று செக்டார்களைச் சேர்ப்பது இதற்காகத்தான். போனால் வெற்றிடம்தான் போகும்.

எண்ணிக்கையைக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது:

டிடி ஐஎஃப்=/டெவ்/எஸ்ஆர்0 ஓஎஃப்=வட்டு.ஐஎஸ்ஓ பிஎஸ்=2048 கவுன்ட்=204850

எர்ரர் வந்தபோது டிஎம்இஎஸ்ஜி (கெர்னலின் செய்திப் பதிவைக் காட்டும் கட்டளை) பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சென்ஸ் கீ வரியில் இல்லீகல் ரிக்வெஸ்ட் என்றும் கூடவே இல்லீகல் மோட் ஃபார் திஸ் டிராக் என்றும் இருந்து, செக்டார் எண் வட்டின் கடைசியில் இருந்தால் அது ரன்-அவுட். வட்டு நன்றாகவே இருக்கிறது. மீடியம் எர்ரர், அன்ரிகவர்ட் ரீட் எர்ரர் என்று இருந்தால் கீறலோ சாயம் மங்கியதோ, உண்மையான சேதம். யூஎஸ்பி டிவைஸ் ரீசெட் என்ற வரிகள் மாறி மாறி வந்தால் வட்டைக் குறை சொல்வதற்கு முன் மின்சாரத்தைப் பாருங்கள். யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர்தான் தரக் கடமைப்பட்டது. வட்டு வேகமெடுக்கும் நேரத்தில் மெல்லிய டிரைவுக்கு அது பற்றாமல் போகும். வேறு போர்ட், குட்டையான கேபிள், இல்லையென்றால் தனி பவர் உள்ள ஹப்.

மல்டிசெஷன்

வோடிம் டெவ்=/டெவ்/எஸ்ஆர்0 -டாக்

டாக் என்பது டேபிள் ஆஃப் கன்டென்ட்ஸ், வட்டின் பொருளடக்கம். ஒவ்வொரு டிராக்கும் எந்த செக்டாரில் தொடங்குகிறது, கடைசியில் லீட்-அவுட் (செஷனின் முடிவுப் பகுதி) எங்கே என்று வரும். கன்ட்ரோல் 4 என்றால் டேட்டா, 0 என்றால் ஆடியோ. முதல் செஷனுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே 11,400 செக்டார் காலியாகப் போகும்: லீட்-அவுட் 6750, அடுத்த லீட்-இன் (தொடக்கப் பகுதி) 4500, முன் இடைவெளி 150. 22 எம்பிக்குச் சற்று மேல். அதற்கடுத்த ஒவ்வொரு செஷனுக்கும் லீட்-அவுட் 2250-ஆகக் குறைவதால் 6900 செக்டார் போதும். முதல் செஷனின் லீட்-அவுட் 50,000-ல் இருந்தால் அடுத்த டிராக் 61,400-ல் தொடங்கும். இடையில் உள்ளது டேட்டாவாகப் படிக்க முடியாத பகுதி. ஒரே டிடியில் முழு வட்டையும் இழுக்க முயன்றால் அங்கே நின்றுவிடும். ஒவ்வொரு செஷனையும் தனித்தனியாக எடுக்க வேண்டும்.

இதில் கவனம் வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தனியாகச் சொல்லாதவரை கெர்னல் கடைசி செஷனைத்தான் மவுண்ட் செய்யும். பழைய செஷனை இம்போர்ட் செய்யாமல் புதிதாக எழுதியிருந்தால் முன்பு போட்ட ஃபைல்கள் எதுவும் தெரியாது. அழிந்துவிட்டன என்று நினைத்து வட்டைத் தூக்கிப் போடுகிறார்கள். மவுண்ட் கட்டளையில் -ஓ எஸ்பிசெக்டார்=0 சேர்த்தால் முதல் செஷன் அப்படியே திறக்கும். மவுண்ட் செய்யாமலே பட்டியல் பார்க்க ஐஎஸ்ஓஇன்ஃபோவில் -எல் உடன் -டி போட்டு, இது டிராக் என்பதன் முதல் எழுத்தான பெரிய டி, செஷன் தொடங்கும் செக்டாரைக் கொடுத்தால் போதும்.

வட்டு எப்படிப்பட்டது

வோடிம் டெவ்=/டெவ்/எஸ்ஆர்0 -ஏடிப்

சிடி-ஆர் வட்டின் பள்ளத்திலேயே தொழிற்சாலையில் பதித்த தகவல் ஏடிஐபி. ரைட்டர் மட்டும்தான் இதைப் படிக்கும், வெறும் சிடிராம் டிரைவ் படிக்காது. 80 நிமிட வட்டில் லீட்-அவுட் பெரும்பாலும் 359846 (79:59/71) என்று வரும். அதுதான் கொள்ளளவு: 736,964,608 பைட். எவ்வளவு எழுதியிருக்கிறது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சாயம் தாலோசயனின் வகையா, சயனின் அல்லது அசோ வகையா என்பதும் இங்கே தெரியும். பெட்டி பெட்டியாக இருப்பவற்றில் எதை முதலில் காப்பாற்றுவது என்று பிரிக்க இந்த வரி உதவும்.

டிவிடிக்கு டிவிடி+ஆர்டபிள்யூ-மீடியாஇன்ஃபோ /டெவ்/எஸ்ஆர்0. சிடியைச் செருகிவிட்டு இதைக் கொடுத்தால் டிவிடி இல்லை என்று சொல்லி வெளியேறிவிடும், பயப்பட ஒன்றுமில்லை. மீடியா ஐடி, டிஸ்க் ஸ்டேட்டஸ், செஷன், ஃப்ரீ பிளாக்ஸ், கடைசியில் ரீட் கெப்பாசிட்டி. வெற்று டிவிடி+ஆர் 2295104 செக்டார், டிவிடி-ஆர் 2298496 செக்டார். சுமார் 7 எம்பி வித்தியாசம்தான். ஆனால் விளிம்புவரை நிரப்பிய டிவிடி-ஆர் இமேஜை டிவிடி+ஆர் வட்டில் எழுத முடியாமல் போவது இதனால்தான். டிவிடி+ஆர்டபிள்யூ, பிடி-ஆர்இ இரண்டிலும் ரீட் கெப்பாசிட்டி ஃபார்மேட் செய்த முழு அளவையே காட்டும். 1 ஜிபி எழுதியிருந்தாலும் வெறும் டிடி முழு வட்டையும் இழுக்கும், பழைய ஃபைல்களின் மிச்சத்தோடு. இங்கே வால்யூம் அளவுதான் துணை.

எழுதி முடித்த கையோடு விவரம் பார்த்தால் பழைய எண்ணே வரலாம். இஜெக்ட் செய்து மறுபடி ஏற்றிவிட்டுப் பாருங்கள்.

ஐஎஸ்ஓஇன்ஃபோ கைவிரிக்கும் வட்டுகள்

ஆடியோ சிடியில் ஃபைல் சிஸ்டமே இல்லை. பிஎல்கேஐடி (ஃபைல் சிஸ்டத்தை அடையாளம் காட்டும் கட்டளை) மௌனமாக இருக்கும், மவுண்ட் மறுக்கும். சிடி-இன்ஃபோ டிராக் பட்டியலையும் சிடி-டெக்ஸ்ட் இருந்தால் பாடல் பெயர்களையும் தரும். விண்டோஸில் பென் டிரைவ் போலப் பயன்படுத்தும் முறையில் எழுதிய வட்டு யூடிஎஃப் என்ற வேறொரு ஃபைல் சிஸ்டம் கொண்டது. அதற்கு பிஎல்கேஐடி -பி (புரோப் என்பதன் முதல் எழுத்து), பிறகு யூடிஎஃப்இன்ஃபோ. அடையாளம் நேரடியாக வேண்டுமென்றால் 16-க்குப் பதில் 256-வது செக்டாரை ஹெக்ஸ்டம்ப்பில் பாருங்கள். முழுமையாக முடித்த வட்டில் 02 00 என்று தொடங்கும்.

தமிழ்ப் பெயர் வைத்த ஃபைல்கள் ஜோலியட்டில் இருந்தால் இரண்டு விஷயம். கேள்விக்குறிகளாகத் தெரிந்தால் மவுண்ட் கட்டளையில் ஐஓகேர்செட்=யூடிஎஃப்8 கொடுங்கள் (இது யூனிகோட் எழுத்து முறை, மேலே சொன்ன யூடிஎஃப் ஃபைல் சிஸ்டம் அல்ல). ராக் ரிட்ஜும் சேர்ந்து இருந்தால் கெர்னல் அதையே எடுக்கும், நோராக் சேர்த்தால்தான் ஜோலியட் பெயர்கள் வரும். இரண்டாவது, ஜோலியட் பெயருக்கு 64 குறியீடு எல்லை. பொங்கல் என்ற சொல் நம் கண்ணுக்கு நான்கு எழுத்து, யூனிகோடில் ஏழு குறியீடு. அதனால் நீண்ட தமிழ்ப் பெயர்கள் எதிர்பார்ப்பதற்கு வெகு முன்னாலேயே வெட்டுப்படும், சில சமயம் புள்ளியை மட்டும் இழந்து.

உண்மையான மீடியம் எர்ரர் உள்ள வட்டுக்கு டிடியை விட்டுவிடுங்கள்:

டிடிரெஸ்க்யூ -என் -பி 2048 /டெவ்/எஸ்ஆர்0 வட்டு.ஐஎஸ்ஓ வட்டு.மேப்
டிடிரெஸ்க்யூ -டி -ஆர் 1 -பி 2048 /டெவ்/எஸ்ஆர்0 வட்டு.ஐஎஸ்ஓ வட்டு.மேப்

இங்கே -பி (பிளாக் என்பதன் முதல் எழுத்து) செக்டார் அளவு, -டி (டைரக்ட் என்பதன் முதல் எழுத்து) நேரடி அணுகல். முதல் ஓட்டம் நல்ல பகுதிகளை வேகமாக அள்ளும், இரண்டாவது விட்டுப்போனவற்றை மட்டும் நேரடி அணுகலில் மறுபடி முயலும். மேப் ஃபைலை அழிக்காதீர்கள். அதே மேப்போடு வட்டை வேறொரு டிரைவில் ஏற்றி இரண்டாம் கட்டளையை ஓட்டினால், ஒரு டிரைவ் படிக்காத செக்டாரை இன்னொன்று படித்துவிடுவது சாதாரணம்.

மேக்கில் டிஆர்யூடில் ஸ்டேட்டஸ் ஒன்றிலேயே வகை, செஷன், டிராக், பயன்படுத்திய பிளாக் எல்லாம் வரும். விண்டோஸில் எஃப்எஸ்யூடில் எஃப்எஸ்இன்ஃபோ வால்யூம்இன்ஃபோ டி: என்பது லேபிள், ஃபைல் சிஸ்டம் வரை சொல்லும், செஷன் விவரம் அதில் வராது.

ஒவ்வொரு இமேஜோடும் அதே பெயரில் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் யுடெவ்ஏடிஎம், ஐஎஸ்ஓஇன்ஃபோ, டாக், ஏடிஐபி அல்லது மீடியாஇன்ஃபோ வெளியீடுகளை >> போட்டுச் சேர்த்து, கடைசி வரியாக எஸ்எச்ஏ256சம் கட்டளை தரும் ஹாஷைப் போடுங்கள். டிராக்கின் செக்டார் எண்ணிக்கை, வால்யூமின் எண்ணிக்கை இரண்டும் அதில் இருக்க வேண்டும். வேறு டிரைவில் இன்னொருவர் அதே வட்டை எடுத்து இரண்டு செக்டார் கூடுதலாக வந்தால், எந்த இடத்தில் வெட்டி ஒப்பிட வேண்டும் என்பது அந்த ஃபைலிலேயே கிடைக்கும்.