தனிநபர் கடன்: போன் மிரட்டலிலிருந்து கோர்ட் சம்மன் வரை

எனக்கு வேலை போனதும் கடன் தவணையும் நின்றது. முதலில் வங்கியிலிருந்தே மரியாதையாக நினைவூட்டினார்கள். 90 நாள் தாண்டிக் கணக்கு வாராக்கடன் ஆனதும் வெளி ஏஜென்சி ஆட்கள் பேச ஆரம்பித்தார்கள். "நாளைக்கு வாரண்டோட வருவாங்க சார்" என்பார் ஒருவர். தவணை கட்டாதது சிவில் விவகாரம். அதற்காக மட்டும் யாரையும் கைது செய்ய முடியாது. (கொடுத்த செக் திரும்பினால் கதை வேறு. செக் திரும்பியதற்கான சட்டப்பிரிவு 138இன்படி நோட்டீஸ் வந்து 15 நாளுக்குள் பணம் கட்டாவிட்டால் கிரிமினல் வழக்கே போடலாம்.)

காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அழைப்பு நேரங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு அனுப்பினேன். ராத்திரி அழைப்புகள் நின்றன. பகல் அழைப்புகள் தொடர்ந்தன.

இதற்கிடையே கிளையில், "உங்க நிலைமையை விளக்கி ஒரு லெட்டர் கொடுங்க" என்று கனிவாகக் கேட்டார்கள். கொடுத்தேன். அந்தக் கனிவின் காரணத்தைப் பிறகு வக்கீல்தான் விளக்கினார். கடனுக்கு வழக்குப் போட 3 ஆண்டு கெடு. அதற்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் அன்றிலிருந்து மறுபடி 3 ஆண்டு. எனக்கு அதில் வருத்தமில்லை, ஏமாற்றும் எண்ணம் இருக்கவில்லை. ஆனால் 'இழுத்தடி, தானா விட்டுடுவாங்க' என்று யோசனை சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

பாக்கி 20 லட்சத்துக்குக் கீழே என்பதால் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகாமல் சிவில் கோர்ட்டில் சுருக்க விசாரணை வழக்காகப் போட்டார்கள். இதில் சம்மன் கைக்கு வந்த 10 நாளுக்குள் ஆஜராக வேண்டும், இல்லாவிட்டால் நம் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பாகிவிடும். அத்தனை மிரட்டல் அழைப்புகளுக்கும் இல்லாத பலம் அந்த ஒரு தாளுக்கு இருந்தது. டிக்ரி, அதாவது பணம் கட்டச் சொல்லும் கோர்ட் ஆணை, ஆனால் சம்பளத்திலேயே கை வைக்கலாம். முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் மட்டும் தப்பும்.

வக்கீல் மூலம் ஆஜராகி, சமரசம் பேசி முடிக்கும் லோக் அதாலத்துக்கு (மக்கள் நீதிமன்றம்) அனுப்பச் சொல்லிக் கேட்டோம். அபராத வட்டியைத் தள்ளுபடி செய்து, மீதியைத் தவணையாகக் கட்டச் சம்மதித்தார்கள். அங்கே எழுதப்படும் உத்தரவுக்கு அப்பீல் கிடையாது. அதனால் தவணைத் தேதி, தவறினால் என்ன ஆகும் என்பதையெல்லாம் வரிவரியாகப் படித்த பிறகே கையெழுத்துப் போட்டேன்.

கட்டி முடித்த பிறகும் பாக்கி இல்லை என்று வங்கி தரும் நோ டியூ சான்றிதழுக்குத் தனியாக அலைய வேண்டியிருந்தது. கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அந்தக் கடன் 'குளோஸ்டு' (முழுதாகக் கட்டி முடித்தது) ஆகவில்லை, 'செட்டில்டு' (குறைத்துப் பேசி முடித்தது) என்றே நிற்கிறது. கிரெடிட் கார்டு கேட்டால் இன்னும் மறுக்கிறார்கள்.