வுட் சைக்காடின் பக்கக் கன்று

ஆகஸ்ட் 3, டர்பன்

வுட் சைக்காடின் கன்று அழுகியிருக்கிறது. சைக்காடு என்றால் பார்க்கப் பனை மாதிரி இருக்கும் பழங்காலத் தாவர வகை. அடியைத் தொட்டதும் விரல் உள்ளே இறங்கியது, புளித்த மாவு வாடை. குளிர்காலத்தில் இது தூங்கும், தண்ணீர் வேண்டாம், நான் லீவில் இருந்த வாரம் யாரோ தினமும் ஊற்றியிருக்கிறார்கள். நர்சரியில் எல்லாருக்கும் மூத்தவரான ஜூலு பெரியவர், பாபா என்றுதான் கூப்பிடுவோம், கத்தியோடு வந்தார். வெள்ளைச் சதை தெரியும்வரை செதுக்கினோம். தேங்காய்ப் பருமன் இருந்தது மாங்காய் அளவாகிவிட்டது. இலைகளையும் நறுக்கிவிட்டு, கந்தகத் தூள் தடவி, நிழலில் காய வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 9

மகளிர் தின விடுமுறை. தாவரவியல் பூங்காவுக்குப் போய்ப் அங்கிருக்கும் பெரிய வுட் சைக்காடின் முன்னால் நின்றுவிட்டு வந்தேன். 1895-ல் ஜான் மெட்லி வுட் ங்கோயே காட்டில் பார்த்தது இந்த இனத்தில் ஒரே ஒரு புதர், அதுவும் ஆண். சைக்காடில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. கடைசியாக நின்ற தண்டையும் 1916-ல் தோண்டிப் பிரிட்டோரியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். ட்ரோன் பறக்கவிட்டுக்கூடப் பெண் மரத்தைத் தேடியிருக்கிறார்கள், கிடைக்கவில்லை. நட்டாலென்சிஸ் என்ற இன்னொரு சைக்காடு இனத்துப் பெண் மரத்தோடு சேர்த்தால் விதை வரும், ஆனால் அது கலப்புதான், இந்தச் செடி இல்லை. ஆக உலகத்தில் எங்கே இருந்தாலும் எல்லாம் அந்த ஒரு புதரின் கன்றுகள்தான். என் அலமாரியில் காய்கிறதும் அதே மரம் என்று நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

ஆகஸ்ட் 25

வெட்டு வாய் ஓடு மாதிரி இறுகிவிட்டது. கரடான ஆற்று மணலில் அடி மட்டும் புதையும்படி வைத்தேன். சாட்ஸ்வொர்த் வீட்டுக் கொல்லையில் ஆயா வாழைக் கன்றைப் பெயர்த்து வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கமாட்டார், அதுபாட்டுக்கு வந்துவிடும். இது அப்படி இல்லை, வேர் விட மாதக்கணக்காகும். கம்பிக்கூண்டு, பூட்டு, பெர்மிட் எல்லாம் உண்டு. 2014-ல் கேப் டவுன் கிர்ஸ்டன்போஷ் தோட்டத்துக்குள்ளேயே புகுந்து 24 சைக்காடுகளைத் தோண்டிக்கொண்டு போனார்களே, அதற்கப்புறம் யாருக்குத்தான் பூட்டாமல் தூக்கம் வரும்?

அக்டோபர் 19

மூன்று நாளாக மழை. தொட்டியைக் கூரைக்கடியில் நகர்த்தினேன். ஆட்டிப் பார்க்கக் கை துறுதுறுக்கிறது, ஆட்டவில்லை.

டிசம்பர் 11

இன்று ஆட்டினேன், இரண்டு விரலால், மெதுவாக. பிடித்துக்கொண்டது! நடுவில் பழுப்புச் செதில்கள் விலகி, பஞ்சு மாதிரி ரோமத்துக்குள் இளம்பச்சை நுனி ஒன்று தெரிகிறது. பாபாவைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார், அப்புறம் ஒன்றும் சொல்லாமல் நிழல்வலையை இன்னொரு மடிப்பு இழுத்துக் கட்டினார்.