ஜகார்த்தாவில் பனி

ஜனவரி 23, 2014, வியாழன்

மதுரை. மூணாவது மாடி, ஜன்னலோர பெஞ்ச். ஆபரேஷன் நாளைக்குத் தள்ளிப்போய்விட்டது, அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கவில்லையாம். (எங்கள் வீட்டில் அப்பா என்றால் தாத்தா, தகப்பனார் வாப்பா.)

அமெரிக்காவில், ஸன்டான்ஸ் திரைப்பட விழாவில் படம் போட்டுவிட்டார்கள். ரெய்டு இரண்டாம் பாகம், இந்தோனேசியச் சண்டைப் படம். பார்த்தவன் எல்லாம் பேய் பிடித்தவன் மாதிரி எழுதுகிறான். ஒருத்தன் சமையற்கட்டுச் சண்டை என்கிறான், ஒருத்தன் சுத்தியல்காரி என்கிறான், இன்னொருத்தன் கொட்டை எழுத்தில் கூப்பாடு மட்டும். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே ஒன்று விடாமல் வாசித்தேன். சார்ஜ் 9 சதவீதம்.

150 நிமிஷமாம். முதல் பாகம் 101தான். ஒரே கட்டிடம், ஏறுவதற்கு மாடி, அடிப்பதற்கு ஆள், அவ்வளவுதான் கதை. அதனால்தான் மூச்சு முட்டியது. இப்போது ஜெயில், தாதா, தாதா மகன் என்று ஊர் முழுக்கச் சுற்றுகிறார்களாம். அந்த நெருக்கம் இருக்குமா? காலையிலிருந்து இதே கவலை. உள்ளே அப்பா இடுப்பு ஒடிந்து கிடக்க உனக்கு இதுவாடா கவலை என்று உம்மா கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

ஜனவரி 24, வெள்ளி

கதவு சரியாகச் சாத்தவில்லை. உள்ளேயிருந்து டங், டங் என்று கேட்டது. பக்கத்தில் இருந்தவர், "சுத்தியல்தான் தம்பி, எலும்புக்குள்ள கம்பி எறக்குறாங்க" என்றார், ஏதோ ஆசாரி வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி. பதினொன்று வரை எண்ணினேன்.

ஜனவரி 25

ட்ரெய்லர் பார்க்கவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஊருக்கு வந்தாச்சு. முன்னறையில் கட்டில். வாடைக் காற்று அடிக்கிறது, ஜன்னலை மூடச் சொல்கிறார், மூடினால் திறக்கச் சொல்கிறார். வாக்கர் மூலையில் நிற்கிறது, அதன் மேல் உம்மா துவைத்த கைலியைக் காயப்போட்டிருக்கிறாள். அவர் அதைத் தொடக்கூட இல்லை. கதவுக்குப் பின்னால் அவருடைய சிலம்பக் கம்பு.

பிசியோ பையன் வந்து, "பெருவிரலை ஆட்டுங்க ஐயா" என்றான். "நான் என்ன ஆட்டுக்குட்டியா" என்று கேட்டார் அப்பா. அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். அவர் ஆட்டவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

அஸருக்குப் பிறகு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ட்ரெய்லர் ஓட்டிக்கொண்டிருந்தேன். எத்தனையாவது தடவை என்று கணக்கில்லை. சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டேன், வாப்பா கூடத்தில் இருந்தார். அப்பா தூங்குகிறார் என்று நினைத்தேன்.

"கொண்டா இங்கே."

திட்டப்போகிறார் என்று கொடுத்தேன். கண்ணாடி இல்லாமல் போனை ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டார். ஜெயில் முற்றம், சேறு, நூறு பேர் புரள்கிறார்கள், அதற்கு முகம் சுளித்தார். ரயிலில் அந்தப் பெண் இரண்டு கையிலும் சுத்தியலோடு எழுந்திருக்கிறாள். "பொம்பளப் புள்ளையா?" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் சமையற்கட்டு வந்தது. வெள்ளைத் தரை, எதிரே நிற்பவன் கையில் வளைந்த கத்தி. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொல்லிவிட்டார்:

"கெராம்பிட். ஆள்காட்டி விரலை அந்த வளையத்துல மாட்டணும். புலி நகம் மாதிரி."

பேர் எனக்கே போன மாதம்தான் தெரியும்.

திரும்பப் போடச் சொன்னார். திரும்ப. நான்காவது தடவை, ஹீரோ ஐகோ உவைஸ் முழங்காலை மடக்கிக் கீழே இறங்கி நிற்கிற இடத்தில் விரலால் திரையைக் குத்தினார். படம் நின்றுவிட்டது. "இவன் கைய விடு. காலப் பாரு. காலு தெரிஞ்ச பய. இவன் கூத்தாடி இல்ல."

இல்லைதான். போன் கம்பெனிக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவனை, சிலாட் என்கிற அவர்கள் ஊர்ச் சண்டைக்கலைப் பள்ளியில் ஆவணப் படம் எடுக்கப் போன டைரக்டர் கேரத் எவன்ஸ் கண்டெடுத்தார் என்று சொன்னேன். எவன்ஸ் வேல்ஸ்காரர், வெள்ளைக்காரர் என்றேன். "வெள்ளக்காரனுக்கு ஏன் இது?" என்றார். எனக்கும் அது ஆச்சரியம்தான்.

பிறகு பினாங்கு. ரஜூலா கப்பல், சூலியா ஸ்ட்ரீட் கடை, மாடியில் எட்டுப் பேர் படுக்கை, எல்லாம் நூறு தடவை கேட்டது. இதைக் கேட்டதில்லை: மலாய்க்காரர் கல்யாணத்தில் பொண்ணு மாப்பிள்ளை முன்னால் சிலாட் ஆடுவார்களாம், கொட்டும் குழலும் வைத்து. அடிக்கிற மாதிரி வந்து கடைசி அரை விரற்கடையில் நிறுத்துவார்களாம். "அடிக்கிறது பெரிய வித்தையா? நிறுத்துறான் பாரு." நம்ம சிலம்பத்தில் வணக்கம் வைக்கிற சலாவரிசை மாதிரியா என்று கேட்டேன். "நீ அதையே மறந்துட்டே" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.

போர்வை விலகியிருந்தது. இடது கால் பெருவிரல் மெத்தையை அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டிருந்தது. அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை, சொன்னால் நிறுத்திவிடுவார்.

பிப்ரவரி 20

பிசியோ வந்தான். ஆட்டவில்லை.

மார்ச் 8, சனி

கோலாலம்பூரிலிருந்து மச்சான் வாய்ஸ் அனுப்பியிருந்தார். பின்னால் மாமாக் கடைச் சத்தம் (அங்கே தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக்கு அதுதான் பேர்), ரொட்டி தட்டுகிற சத்தம். "28ஆம் தேதி இங்கேயும் வருதுடா. முதல் ஷோ பாத்துட்டு உனக்குக் கதை சொல்றேன்." கதை வேண்டாம், சண்டையை மட்டும் சொல்லுங்க என்று பதில் போட்டேன். லாத்தாவிடம், அதாவது என் அக்காவிடம், சொல்லாதே என்றும் சொல்லியிருக்கிறார். இவர்கள் எல்லாம் ஆம்பளைகள்.

தொதல் கிண்டினார்கள் வீட்டில். ஜாவாவிலும் இதே பேர்தான், டோடோல். இதையும் அப்பாதான் சொன்னார். சர்க்கரை என்பதால் அவருக்குக் கிடையாது. உம்மா திரும்பியபோது ஒரு துண்டு கொடுத்தேன். வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

மார்ச் 17

அந்தக் குட்டை ஆள், யாயன் ருஹியான், முதல் பாகத்தில் செத்துவிட்டான். துப்பாக்கியைத் தூக்கி வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்தவன். இரண்டாம் பாகத்திலும் அவனே நடிக்கிறானாம், வேறு ஆளாக. இது எப்படி? சிரஞ்சீவியா? வேறு ஆள் கிடைக்கவில்லையா? சண்டையை அமைப்பதே அவனும் ஐகோவும்தான், அதனால் இருக்கும். இருந்தாலும் மனசு ஒப்பவில்லை. செத்தால் சாக வேண்டும்.

மார்ச் 28, வெள்ளி

இன்று. அங்கே. இங்கே ஜும்மா, பிறகு கரண்ட் இல்லை.

மார்ச் 29, சனி

மச்சான்: "படம் வரலடா. ரொம்ப ரத்தம்னு தடுத்துட்டானுங்க."

மலேசியாவிலிருந்து கடல் தாண்டினால் இந்தோனேசியா. அங்கே ஓடுகிறது, மலேசியாவில் தடை. நான் ஏன் இவ்வளவு கோபப்படுகிறேன் என்று தெரியவில்லை, எனக்கு ரெண்டு ஊருமே எட்டாது. படகு ஜெட்டிக்குப் போய் இருட்டும்வரை நின்றேன். வலை இழுத்து வந்த ஒருவர் கையில் ஆழமாக வெட்டு, துணி சுற்றியிருந்தார். பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பெரிய ரெய்டு ரசிகன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அமெரிக்காவில் 'ஆர்' என்கிற வயதுச் சான்றிதழ் வாங்க ஒருசில நொடி வெட்டினார்களாம். எந்த நொடி? மத்தியானம் முழுக்க இதையே யோசித்தேன். தேர்தல் ஆட்டோ நாலு தடவை தெருவைச் சுற்றிவிட்டது.

அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார், காலைத் தொங்கவிட்டு. கம்பை எடுத்துக்கொடு என்றார். வாக்கர் என்று நினைத்து அதை நகர்த்தினேன். முறைத்தார்.

ஏப்ரல் 12, சனி

விடிகாலை மூன்றரைக்குப் போன். லண்டனிலிருந்து சாச்சி மகன். அங்கே இரவு பதினொன்று, நேற்றுதான் ரிலீஸ், தியேட்டர் வாசலிலிருந்தே அடிக்கிறான். தூக்கக் கலக்கத்தில் மையத்துச் செய்தியோ, யாரும் இறந்துவிட்டார்களோ என்று நெஞ்சு ஒருமுறை நின்றுவிட்டது. அவனோ மூச்சிரைக்கக் கத்துகிறான்.

சொன்னதில் நினைவில் நிற்பது: சுத்தியல் விழும்போதெல்லாம் தியேட்டரே பல்லைக் கடித்துக்கொண்டு உஸ் என்றதாம். அவளுக்குக் காது கேட்காதாம். காருக்குள்ளேயே ஒரு சண்டை. சமையற்கட்டு முடிந்ததும் வெள்ளைக்காரர்கள் கை தட்டினார்களாம். நடுவில் ஒரு மணி நேரம் பேச்சு, பேச்சு, பேச்சு, பக்கத்து சீட்காரர் எழுந்து பாப்கார்ன் வாங்கப் போய்விட்டார். நான் பயந்தது சரிதான். ஆனால் சரியாகிப்போனதில் ஒரு சந்தோஷமும் இல்லை.

குட்டை ஆளைப் பற்றிச் சொல்லாதே என்று கெஞ்சினேன். சொன்னான். ஒரு சந்தில், அடிபட்டு, பனியில் விழுந்து சாகிறானாம்.

"பனியா?"

"ஸ்னோடா. வெள்ளையா. கொட்டுது."

"ஜகார்த்தாவுலயா?"

"அதான் எல்லாரும் கேக்குறாங்க."

பிறகு தூக்கம் வரவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னேன். சுத்தியலுக்கு ஒன்றும் சொல்லவில்லை, இடுப்பைத் தடவிக்கொண்டார். காருக்குள் சண்டை என்றதும், "நெருக்கத்துல முழங்கைதான்" என்றார். பனிக்கு மட்டும் நிமிர்ந்தார்.

"அந்தப் பக்கம் ஏது பனி? பதினாலு வருசம் இருந்தேன். மழதான். விடிய விடிய மழ."

"படத்துக்காக, அப்பா."

"யாரு அந்தக் குட்டை ஆளா? நல்லாக் காலு வச்சவன். அவனுக்கு எதுக்குப் பனி?"

ஏப்ரல் 14

மறுபடியும் கேட்டார். பனி நெசமா விழுந்துச்சா, இல்ல செத்துப்போறவனுக்கு அப்படித் தெரிஞ்சுதா. நான் இன்னும் படம் பார்க்கவில்லை என்றேன்.

ஏப்ரல் 16, புதன்

நேற்றிலிருந்து விசைப்படகுகளுக்கு 45 நாள் தடை. விடிகாலையில் இன்ஜின் சத்தம் இல்லாததால் எழுந்துவிட்டேன். முன்னறையில் டக், டக் என்று கேட்டது. எண்ணினேன், இப்போது சும்மாதான். கம்பு. கதவுக்குப் பின்னாலிருந்த கம்பை எப்படி எடுத்தார் என்று தெரியவில்லை. ஜன்னல் வரை போய் நின்றுகொண்டிருந்தார், முழங்கால் லேசாக மடங்கி. என்னைத் திரும்பிப் பார்க்காமல்,

"படம் வந்துச்சா?"