விலகல் கடிதத்தில் கையெழுத்து வைக்காதீர்கள்

"ஐயா, 55 ஆச்சுது. இனிப் பெடியளுக்கு இடம் விடுங்கோ." வன்னியில் ஆலைகளிலும் தொழிற்சாலைகளிலும் இருபது வருடம் உழைத்தவர்களை இந்த ஒரு கதையோடு வீட்டுக்கு அனுப்புவது பெரிய அநியாயம். 55 என்பது ஆண்கள் ஊழியர் சேமலாப நிதியை எடுக்கக்கூடிய வயது. பெண்களுக்கு அது 50. ஓய்வு வயது வேறு. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தனியார் இடங்களில் அதை ஆகக் குறைந்தது 60 ஆக்கியது இலங்கையின் 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். அது வந்தபோதே ஐம்பதைத் தாண்டியிருந்த சிலருக்கு மட்டும் இடைக்கால வயதுகள் உண்டு.

அந்தக் கதைக்குப் பிறகு ஒரு தாள் வரும். தெரியாத மொழியில் அடித்திருக்கும், திகதிக்குரிய இடம் வெறுமையாக இருக்கும். "சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்" என்பதுதான் அதன் சாரம். "இதில வைச்சால்தான் காசு" என்பார்கள். நம்பவேண்டாம். 15 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள இடத்தில் 5 வருடம் முடித்தவருக்கு, விலகினாலும் நீக்கினாலும், 30 நாளுக்குள் பணிக்கொடை, அதாவது சேவைக்காலத்துக்கான மொத்தத் தொகை, கொடுத்தே ஆகவேண்டும். வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். கடைசிச் சம்பளம் 60,000, சேவை 22 வருடம் என்றால் 6,60,000 ரூபா.

கையெழுத்து வைத்தால் பறிபோவது இதைவிடப் பெரியது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்த அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ வேண்டும். அந்தத் தாள்தான் அவர்களுக்குச் சம்மதம். அனுமதி பெற்று நிறுத்துவதென்றால் நட்டஈட்டுக்குச் சூத்திரம் உண்டு: முதல் 5 வருடத்துக்கு வருடத்துக்கு 2½ மாதம், 14 வரை 2, 19 வரை 1½, 24 வரை 1. மேலே சொன்ன 22 வருடக்காரருக்கு 41 மாதச் சம்பளம், அதாவது 24,60,000 ரூபா. உச்ச வரம்பு 25 இலட்சம்.

"நாளைக்கு வரவேண்டாம்" என்று வாயால் சொன்னால் வீட்டில் இருந்துவிடக்கூடாது. இருந்தால் "தானாக வேலையைக் கைவிட்டுப் போனார்" என்று எழுதிவிடுவார்கள். மறுநாள் வழமையான நேரத்துக்குப் போங்கள். வாசலில் மறித்தால் அன்றைக்கே பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள்: இன்ன திகதியில் வந்தேன், இன்னார் மறித்தார், வேலைக்குத் தயாராக இருக்கிறேன், காரணத்தை எழுத்தில் தாருங்கள். பிரதியும் தபால் பற்றுச்சீட்டும் பத்திரம்.

முறைப்பாட்டில் "வயதுப் பாகுபாடு" என்பதை மட்டும் நம்பி நிற்காதீர்கள். அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால் என்று அடுக்குகிறதே தவிர வயதைச் சொல்லவில்லை. அதுவும் அரசின் செயலுக்கு எதிராகத்தான் பயன்படும். "நியாயமற்ற பணிநீக்கம்" என்று எழுதுங்கள். தொழில் ஆணையாளருக்கோ, தொழில் பிணக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்கோ, வேலையிலிருந்து நிறுத்தி 6 மாதத்துக்குள் போகவேண்டும். முதலாளியோடு பேசிப் பார்க்கிறோம் என்று இழுபட்டே பலருக்கு இந்தக் காலம் முடிந்துவிடுகிறது. 15 பேருக்குக் குறைந்த இடம் என்றாலும் நியாய சபைக்குப் போகலாம்.

2009 இடப்பெயர்வில் நியமனக் கடிதம் தொலைந்தவர்கள் மனம் தளரவேண்டாம். சேமலாப நிதிக் கணக்கை மத்திய வங்கிதான் வைத்திருக்கிறது. எந்த முதலாளி எந்த மாதத்துக்குக் கட்டினார் என்பதை அங்கே கேட்டு எடுக்கலாம். கட்டாமல் விட்ட மாதங்களுக்குச் சம்பளத் துண்டும், கூட வேலை செய்தவர்களின் சாட்சியும் வேண்டும்.